ர வேற, ற வேற: பீரங்கிக்கு ஒரு திருத்தம்

இந்த எபிசோடு ஒரு மன்னிப்போடு தொடங்குகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் திருச்சிக் கோட்டையைப் பற்றிப் பேசிய எபிசோடில், போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னேன். 'பீரங்கி' என்பது சுத்தமான தமிழ்ச் சொல். 'பீறிடு' என்று ஒரு வினை இருக்கிறது இல்லையா, ரத்தம் பீறிட்டது, தண்ணீர் பீறிட்டது என்கிறோமே, அதிலிருந்து வந்தது. நெருப்பு பீறிட்டு வரும் குழல், அதனால் பீரங்கி. இவ்வளவுதான், நாற்பது செகண்ட். அந்த நாற்பது செகண்டை மட்டும் வெட்டி யாரோ ரீல் போட்டார்கள். நான் இதுவரை பேசிய எல்லா எபிசோடையும் சேர்த்துக் கேட்டவர்களைவிட அந்த ரீலைப் பார்த்தவர்கள் அதிகம். ஆபீஸ் லிஃப்டில் ஒருத்தர், "ப்ரோ, பீரங்கி நீங்கதானே?" என்று கேட்டார். பெருமையாத்தான் இருந்தது, பொய் சொல்லலை.

அது தப்பு. எனக்கு அந்த விளக்கம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு ஃபார்வர்டு. நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. ஏன்னா, அது உண்மையா இருக்கணும்னு எனக்கு ஆசை.

ஒரு நாள் ஒரு மெயில் வந்தது. ஸ்ரீரங்கத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன ஒரு டீச்சர். பேத்தி அந்த ரீலைக் காட்டியிருக்கிறாள். மெயிலில் மொத்தமே மூன்று வரி. "தம்பி, பீறிடு என்பதில் இருப்பது வல்லின ற. பீரங்கியில் இருப்பது இடையின ர. ர வேற, ற வேற. மீதியை நேரில் சொல்கிறேன்."

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து 1ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினார். டீக்கடை ஓரமாக நின்றுகொண்டே பேசினோம். நான் கொஞ்சம் சமாளித்துப் பார்த்தேன். "டீச்சர், காலப்போக்குல ற, ர-வா மாறியிருக்கலாம் இல்லையா?" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மாறியிருக்கலாம். ஆனா மாறினதுக்கு நீ என்ன ஆதாரம் வச்சிருக்க? பழைய பாட்டு ஏதாவது ஒண்ணுல பீறங்கின்னு காட்டு பார்ப்போம்" என்றார். என்னிடம் எதுவும் இல்லை. "சரி, 'பீறு' வந்துடுச்சுன்னே வச்சுக்குவோம். 'அங்கி' எங்கேருந்து வந்துது? பீரங்கி சட்டை போட்டிருக்கா?" பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று சொன்னார். "தப்பு சொன்னது பெரிய விஷயமில்ல தம்பி. நான் முப்பது வருஷத்துல எவ்வளவோ தப்பு சொல்லியிருக்கேன். அடுத்த நாள் கிளாஸ்ல வந்து திருத்துவேன். நீ எந்த மைக்குல சொன்னியோ அதே மைக்குல திருத்து. சும்மா தப்புன்னு மட்டும் சொல்லாம, எங்கேருந்து வந்துதுன்னு தேடிச் சொல்லு."

அந்தத் தேடல்தான் இந்த எபிசோடு.

ஆபீஸில் கோடில் ஒரு வரி புரியவில்லை என்றால், அதை யார் எப்போது எழுதினார்கள் என்று பார்க்க ஒரு கமாண்ட் உண்டு, கிட் பிளேம். சொற்களுக்கு அப்படி ஒரு கமாண்ட் கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து மொழிகளில் அதே பொருளுக்கு என்ன சொல் என்று பார்ப்பது. ஒரே சொல் பல மொழிகளில் ஒரே பொருளில் வந்தால், அது ஏதோ ஓர் இடத்திலிருந்து பயணம் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

தெலுங்கில் பீரங்கிக்கு ஃபிரங்கி. கன்னடத்திலும் ஃபிரங்கி. மலையாளத்தில் பீரங்கி. சரி, இது வரை திராவிட மொழிகள், உறவுக்காரச் சொற்கள் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் வெளியே போவோம். 1526ல் பானிபட்டில் பாபர் இப்ராகிம் லோடியைத் தோற்கடிக்கிறார். அந்தப் போரைப் பற்றி அவரே எழுதிய பாபர்நாமாவில், தன் பீரங்கிப்படைத் தலைவர் உஸ்தாத் அலி குலி சுட்ட பீரங்கிகளுக்கு ஃபிரங்கி என்றுதான் பெயர் கொடுக்கிறார். இன்னும் மேற்கே போனால், துருக்கியில் ஒட்டோமான்களின் ஆயுதக் கணக்குகளில் ஒரு சின்ன பீரங்கி வகைக்குப் பெயர் பிராங்கி.

கிழக்கே போவோம். 1520களில் சீனாவின் மிங் அரசுப் படை புதிதாக ஒரு சிறிய பீரங்கியைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அதற்குப் பெயர் ஃபோலாங்ஜி. கொரியாவில் அதே பீரங்கி புல்லாங்கி. ஜப்பானில் ஃபுரான்கி.

ஸ்ரீரங்கத்து டீச்சர் சொன்ன அந்த ர, ற வித்தியாசம் போகட்டும். சீனாக்காரருக்கும் கொரியாக்காரருக்கும் நம்ம 'பீறிடு' எப்படிப் போச்சு? எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. என் விளக்கம் தமிழை மட்டும் பார்த்துச் சொன்ன விளக்கம். இஸ்தான்புல்லில் தொடங்கி ஜப்பான் வரைக்கும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் அதில் ஒரு துண்டை மட்டும் பிய்த்து வைத்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறேன்.

அப்படியானால் இந்தச் சொல்லின் வேர் எது? அதற்கு ஜெர்மனி வரை போக வேண்டும்.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில், ரைன் நதியின் கீழ்க்கரைப் பகுதியில் சில ஜெர்மானிய இனக்குழுக்கள் இருந்தன. ரோமானியர்கள் அவர்களை ஃபிராங்குகள் என்று அழைத்தார்கள். ரோமப் பேரரசு சரிந்தபோது அந்த ஃபிராங்குகள் மேற்கே பரவி ஆட்சி பிடித்தார்கள். அவர்கள் பிடித்த நாட்டுக்குப் பெயர் பிரான்ஸ். ஜெர்மனியில் மாயின் நதிக்கரையில் இருக்கும் பிராங்பர்ட் நகரத்தின் பெயருக்கு, ஃபிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை என்று பொருள். 1096ல் தொடங்கிய சிலுவைப் போர்களில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லோரையும், அவர்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அரேபியர்கள் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள்: இஃப்ரஞ்ச். பாரசீகத்தில் அது ஃபரங், ஃபரங்கி ஆனது. வெள்ளைக்காரன் என்று நாம் ஒட்டுமொத்தமாகச் சொல்வது போல.

1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பெயர் அவருக்கு முன்பே அரபு வியாபாரிகளோடு இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவியிருந்தது. அதனால் போர்த்துகீசியர்கள் இங்கே பரங்கி ஆனார்கள். சென்னையில் இருக்கும் பரங்கிமலை, கடலூர் மாவட்டத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டை, சாம்பாரில் போடும் பரங்கிக்காய் எல்லாம் அந்தச் சொல்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதிதாக ஒரு காய் வந்தது, கொண்டுவந்தவன் பெயர் காய்க்கு ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் பரங்கி என்றால் பப்பாளி. மலையாளத்தில் பரங்கிமாவு என்றால் முந்திரி மரம். மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். இலங்கையில் போர்த்துகீசிய, டச்சு வழிவந்த மக்களுக்கு இன்றைக்கும் பறங்கியர் என்றுதான் பெயர்.

ஆட்களோடு வந்த பொருளுக்கு ஆட்களின் பெயரை வைப்பது நமக்குப் புதுசு இல்லை. சீனாவின் பெயரில் வந்த சர்க்கரை, சீனி ஆச்சு. ஒரு கம்பெனியின் பெயர் ஜெராக்ஸ், சத்திரத்தில் எந்தக் கடையில் நகல் எடுத்தாலும் அது ஜெராக்ஸ்தான். அதே மாதிரி, ஃபரங்கி கொண்டுவந்த வெடிக்குழல், ஃபரங்கி. பரங்கி என்பதும் பீரங்கி என்பதும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். ஒன்று ஆளுக்கு, ஒன்று ஆயுதத்துக்கு. பீரங்கியின் முதல் எழுத்தில் இருக்கும் அந்த 'ஈ' ஓசை, தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கும் ஃபிரங்கியோடு பொருந்துகிறது. தஞ்சையையும் மதுரையையும் ஆண்ட நாயக்கர்களின் அவைமொழி தெலுங்கு. 17ஆம் நூற்றாண்டில் நம்ம திருச்சி மதுரை நாயக்கர்களின் தலைநகரமாகவும் இருந்தது.

இப்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. பாபருக்கு முன்னாலேயே இந்தியாவில் வெடிமருந்து இருந்தது. சீனாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே உலோகக் கைத்துப்பாக்கி இருந்தது. பிறகு ஏன் ஃபிரங்கியின் பெயரைச் சீனாக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள்? வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தானே?

பதில் அந்தப் பீரங்கியின் அமைப்பில் இருக்கிறது. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். சாதாரண பீரங்கியில் வெடிமருந்தையும் குண்டையும் முன்வாய் வழியாகத் திணிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால், குழலைத் துடைத்து, ஆறவிட்டு, மருந்தைப் போட்டு, குண்டை வைத்து இடித்து, மறுபடி சுட வேண்டும். கப்பலில் அந்த முன்வாய் கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து திணிப்பவன் எதிரியின் குறிக்கு நேராக நிற்பான்.

போர்த்துகீசியர்கள் கொண்டுவந்த சின்ன பீரங்கி அப்படி இல்லை. அதன் பின்பக்கம் ஒரு தொட்டி மாதிரித் திறந்திருக்கும். கைப்பிடி வைத்த இரும்புக் குவளை ஒன்று தனியாக இருக்கும். மருந்தைக் குவளையில் முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்ளலாம். குவளையைத் தொட்டிக்குள் வைத்து, ஒரு ஆப்பைச் செருகி இறுக்கி, சுடலாம். சுட்டதும் காலிக் குவளையை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம். ஒரு பீரங்கிக்கு நான்கைந்து குவளை வைத்துக்கொண்டால், டக்டக்கென்று சுடலாம். இன்றைய துப்பாக்கியின் மேகசின் மாதிரி யோசித்துப் பாருங்கள். கப்பல் விளிம்பில் ஒரு கவையில் மாட்டி எந்தப் பக்கமும் திருப்பலாம். குறையும் உண்டு. குவளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக நெருப்பும் காற்றும் கசியும், அதனால் வேகம் குறையும். ஆனால் கிட்டத்தில் வரும் படகை அடிக்க அது போதும்.

போர்த்துகீசியர்கள் இதை பெர்சோ என்றார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் தொட்டில் என்று பொருள். ஆனால் இந்தக் குவளை யோசனை அவர்களுக்கும் சொந்தமில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னாலேயே, 1400களில், ஜெர்மானிய, ஃபிளெமிஷ் மொழி பேசும் பகுதிகளில் கழற்றி மாட்டும் அறை வைத்த பீரங்கிகள் இருந்தன. கோட்டைச் சுவரை இடிக்கும் ராட்சத பீரங்கிகளைவிடச் சிறியவை. அவற்றுக்கு வோக்லர் என்று ஒரு பெயர். இன்றைக்கு ஆயுத வரலாறு படிப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர். வோக்லர் என்றால் பறவை பிடிப்பவன். நம்ம ஊர்ச் சொல்லில், குருவிக்காரன்.

அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் புது ஆயுதத்துக்குப் பெயர் வைத்த விதமே சுவாரஸ்யம். ஜெர்மனில் துப்பாக்கிக்கு இன்னொரு பெயர் பியூக்சே. அதற்குப் பெட்டி, டப்பா என்றும் பொருள். கேனன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் நாணல். பீரங்கி வகைகளில் ஃபால்கனெட் என்றால் சின்ன வல்லூறு. சேக்கர் என்றால் இன்னொரு வகை வல்லூறு. மஸ்கட் என்ற சொல்லுக்குப் பின்னால் சிட்டுப்பருந்து இருக்கிறது. எல்லாம் வேட்டைப் பறவைகள். எதற்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது, வீட்டில், வயலில், வேட்டையில் பார்த்ததை எடுத்து வைத்துவிட்டார்கள்.

நம்ம துப்பாக்கியும் அப்படித்தான். அது துருக்கிய மொழியின் துஃபெக். அதன் பழைய வடிவத்துக்குப் பொருள் ஊதுகுழல், வாயில் வைத்து ஊதிக் குருவி அடிக்கும் குழல். 'துப்பு'கிறது, அதனால் துப்பாக்கி என்று ஒரு ஃபார்வர்டு அடுத்து வந்தாலும் வரும். தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

சரி, கடற்கரையிலிருந்து இந்தப் பெயர் உள்நாட்டுக்கு எப்படி வந்தது? ஆட்கள் மூலமாகத்தான். போர்த்துகீசியக் கப்பல்களில் குறிபார்த்துச் சுடும் வேலைக்கு ஜெர்மானியர்களையும் ஃபிளெமிஷ்காரர்களையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். சம்பளத்துக்கு வந்தவன் கூடுதல் சம்பளம் கிடைத்தால் அந்தப் பக்கமும் போவான். 1503ல் மிலான் நகரத்தைச் சேர்ந்த இரண்டு பீரங்கி வார்ப்பாளர்கள் போர்த்துகீசியர்களை விட்டு ஓடிவந்து கோழிக்கோட்டுச் சாமூத்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் அங்கே நானூறு, ஐந்நூறு பீரங்கிகள் செய்ததாக வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணி எழுதியிருக்கிறார். சில வருடங்களில் இருவரும் கோழிக்கோட்டிலேயே கொல்லப்பட்டார்கள். தக்காணத்தில் பீஜப்பூரில் இருக்கும் மாலிக்-இ-மைதான் என்ற பெரிய பீரங்கியை 1549ல் வார்த்தவரின் பெயர் முகமது ரூமி. ரூமி என்றால் ரோமாக்காரர், அதாவது துருக்கியிலிருந்து வந்தவர். தொழில் தெரிந்த ஆட்கள் நாடு நாடாக நகர்ந்தார்கள், அவர்களோடு சொற்களும் நகர்ந்தன.

இங்கே வந்த பிறகு சொல்லின் அளவு மாறியது. சீனாவிலும் துருக்கியிலும் அது கடைசிவரை ஒரு சின்ன பீரங்கிக்குத்தான் பெயர். தமிழில் அது எல்லாப் பீரங்கிக்கும் பொதுப் பெயர் ஆகிவிட்டது. தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் ஒரு பீரங்கி இருக்கிறது, ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படுவது. சுமார் 25 அடி நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. வார்த்தது கிடையாது. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைச் சூடாக மாட்டி, அடித்து ஒட்டவைத்தது. மரப்பீப்பாய் செய்வது மாதிரி. இவ்வளவு பெரிய இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்த நம்ம ஊர்க் கொல்லர்களின் திறமை லேசுப்பட்டது இல்லை. போய் அதன் வாயில் கை வைத்துப் பார்த்தேன். தொட்டில் அளவுப் பீரங்கியின் பெயர், இந்த யானைக்கு. பெயர் வெளியிலிருந்து வந்தது, வேலை இங்கே நடந்தது.

இப்போது திருச்சிக்குத் திரும்புவோம். சத்திரத்திலிருந்து மெயின் கார்டு கேட் வரைக்கும் நடந்திருப்பீர்கள். அந்தக் கேட்தான் திருச்சிக் கோட்டைச் சுவரில் மிஞ்சியிருக்கும் வாசல். 1750களில் இந்த ஊருக்காக இரண்டு ஐரோப்பிய கம்பெனிகள் அடித்துக்கொண்டன. உள்ளே முகமது அலியும் ஆங்கிலேயர்களும். வெளியே முதலில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும், சந்தா சாகிப் 1752ல் கொல்லப்பட்ட பிறகும் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் இருந்தது. கவனிச்சீங்களா? பிரெஞ்சு என்ற சொல்லும் ஃபிராங்க்தான். நிஜமாகவே ஃபிராங்குகள் பீரங்கியோடு ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்திருந்த காலம் அது.

1753 நவம்பர் கடைசியில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணி. பிரெஞ்சுப் படை சத்தமில்லாமல் வந்து கோட்டையின் மேற்குச் சுவரில், வடக்கு மூலைக்குப் பக்கத்தில், டால்டன் பேட்டரி என்ற இடத்தில் ஏணி வைத்து ஏறுகிறது. கோட்டையின் வடமேற்கு மூலை, அதாவது இன்றைக்கு நாம் பஸ்ஸுக்கு நிற்கும் பக்கம். யாரும் சுடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. காவலுக்கு இருந்தவர்களைத் தீர்த்துவிட்டார்கள். அடுத்த சுவரைத் தாண்டினால் ஊர் அவர்கள் கையில். ஆனால் இருட்டில் ஒருத்தன் ஆழமான குழிக்குள் விழுந்து அலறுகிறான். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தவர்கள், அங்கே இருந்த ஆங்கிலேயர்களின் பீரங்கிகள் இரண்டை ஊர்ப்பக்கம் திருப்பிச் சுட்டுவிடுகிறார்கள். முரசு அடித்து, அரசர் வாழ்க என்று கோஷம் வேறு.

ஊர் விழித்துக்கொண்டது. காயத்தோடு படுத்திருந்த தளபதி கில்பாட்ரிக் எழ முடியாத நிலையிலும் உத்தரவு கொடுக்க, ஹாரிசன் என்ற லெப்டினன்ட் ஆட்களைத் திரட்டி அந்தப் பக்கமே சுட வைக்கிறார். ஏணிகள் உடைந்துபோனதால் மேலே ஏறியவர்கள் இறங்க முடியாமல் சிக்கினார்கள். விடிந்தபோது நூற்றுக்கணக்கான பேர் சரணடைந்தார்கள். அந்தக் காலத்திலேயே இந்தப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். அந்த இரண்டு குண்டுகளை அவர்கள் சுடாமல் இருந்திருந்தால், திருச்சியின் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

இவ்வளவையும் எழுதி டீச்சருக்கு அனுப்பினேன். போன் பண்ணினார். "நல்லாத் தேடியிருக்க. ஆனா ஒண்ணு கேட்கறேன். இப்ப உனக்கு வருத்தமா இருக்கா? நம்ம சொல் இல்லைன்னு ஆயிடுச்சேன்னு?"

கொஞ்சம் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

"வெடிமருந்துன்னு சொல்றோமே, அது தமிழ்தானே?"

"ஆமா டீச்சர். வெடியும் தமிழ், மருந்தும் தமிழ்."

"வெடிக்கிறதுக்கு எதுக்கு மருந்துன்னு பேரு? யோசிச்சியா?"

நான் யோசித்ததே இல்லை. தேடினேன். சீன மொழியில் வெடிமருந்துக்கு ஹுவோயாவ். ஹுவோ என்றால் நெருப்பு, யாவ் என்றால் மருந்து. பாரசீகத்தில் தாரு. அதற்கும் மருந்து என்றும் பொருள், வெடிமருந்து என்றும் பொருள். சீனாவில் வெடியுப்பு, கந்தகம் எல்லாம் மருந்து செய்பவர்களின் அலமாரியில் இருந்த சரக்குகள். அந்த எண்ணம் மொழி மொழியாக நகர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் தங்கள் சொந்தச் சொல்லால் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பாருங்கள், இப்போது இரண்டு சொற்கள் இருக்கின்றன. பீரங்கி: உடம்பு வெளியிலிருந்து வந்தது, நானூறு வருஷமாக நம்ம வாயில் உருண்டு நம்மது ஆகிவிட்டது. வெடிமருந்து: எழுத்துக்கு எழுத்து தமிழ், உள்ளே இருக்கும் யோசனை வெளியிலிருந்து வந்தது. இதில் எது சுத்தம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை உள்ளே விடவோ வெளியே தள்ளவோ என்னால் முடியவில்லை. புதுச்சொல் உருவாக்குபவர்களை நான் கிண்டல் பண்ணலை. கணினி என்ற சொல் இல்லாமல் இந்த எபிசோடையே என்னால் யோசிக்க முடியாது. நான் சொல்வது வேறு. ஒரு சொல்மேல் இருக்கும் ஆசைக்காக அதற்குப் பொய்யாக ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுதக் கூடாது. நான் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. டீச்சரைப் பார்த்த அன்றைக்கு சத்திரத்தில் நின்றபோது எதிரில் ஒரு பஸ் வந்தது. போர்டில் துப்பாக்கித் தொழிற்சாலை என்று போட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கும் போர்டு. 1966ல் தொடங்கிய தொழிற்சாலை, 2021ல் மத்திய அரசின் புது நிறுவனம் ஒன்றின் கீழ் வந்தது. அங்கே செய்யும் ஒரு துப்பாக்கிக்கு, திருச்சி அசால்ட் ரைஃபிள் என்று பெயர். நம்ம ஊர்ப் பெயர்.

எனக்கு இது பெருமையாகத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும். இப்போது ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன். ரைன் நதிக்கரையில் இருந்த அந்த ஃபிராங்குகள், தங்கள் பெயர் ஆயிரம் வருஷம் கழித்து முகம் தெரியாத ஊர்களில் ஒரு கொலைக்கருவியின் பெயராக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பெயர் வைத்தவர்கள் அதைச் செய்தவர்கள் அல்ல, அதற்கு எதிரில் நின்றவர்கள். யார் கையில் அதை முதலில் பார்த்தார்களோ அவர்கள் பெயரையே வைத்தார்கள். இன்னும் நானூறு வருஷம் கழித்து, எங்கோ ஒரு மொழியில் துப்பாக்கிக்குத் 'திருச்சி' என்று பெயர் இருந்தால்? அந்த ஊர்க் குழந்தை ஒன்று, அது எங்கள் மொழியின் சுத்தமான சொல் என்று அடித்துச் சொன்னால்? சிரிப்பு வருகிறது. கூடவே வேறு ஏதோவும் வருகிறது. அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

அந்தப் பழைய எபிசோடை நான் அழிக்கவில்லை. அந்த இடத்தில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். ரீல் என் கையில் இல்லை, அது போய்க்கொண்டேதான் இருக்கும். தப்பைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருத்தர்கூட இதைக் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அந்த ரீலை யாருக்காவது அனுப்பியிருந்தால், இதையும் அவருக்கே அனுப்புங்கள். முழுசாக் கேட்க நேரமில்லை என்று சொன்னால், டீச்சரின் ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள்: ர வேற, ற வேற.

அடுத்த எபிசோடில் பரங்கிப்பேட்டைக்குப் போகலாம். இந்த முறை முதலில் டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் பேசுவேன்.